வியாழக்கிழமை தொலைந்தவை

– …இல்லம்மா, நீங்க எதுவும் சொல்ல வேணாம். நானே சொல்றேன். பதினாலாம் நம்பர் பஸ். வியாழக்கிழமை, சாயங்காலம் அஞ்சே முக்கால் வண்டி. டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, ஜன்னலோரம். சரியா?

– சார், நான் வந்தது வேற ஒரு…

– சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க.

– அந்த சீட்டுலதான் உக்காருவேன். அதுல என்ன தப்பு?

– உக்காருறதுல தப்பில்ல. எந்திரிக்கும்போதுதான் ஏதோ நடக்குது. எங்க டிப்போவுல உங்களுக்கு ஒரு பேரு இருக்கு, தெரியுமா? மறதியம்மா.

– எனக்கா? எனக்கு ஞாபக சக்தி ஜாஸ்தி சார்.

– அது எனக்கும் தெரியும். அதான் குடையுது. பதினொரு வருஷமா இந்தக் கவுண்டர்ல இருக்கேன். பஸ்ல எது தொலைஞ்சாலும் கடைசில எங்கிட்டதான் வரும். குடை, கண்ணாடி, ஒத்தக் கையுறை… ஒரு தடவை பல்செட்டு வந்துச்சு.

– பல்செட்டா? எங்க கிளினிக்குக்கு அனுப்பியிருக்கலாமே.

– ஓ, பல் டாக்டர்கிட்டயா வேலை?

– ஆமா… முன்னாடி மேஜைல. பேரு எழுதிக்கிட்டு, 'கொஞ்சம் உக்காருங்க'ன்னு சொல்ற வேலை.

– அப்ப நான் சொல்றேன், கொஞ்சம் உக்காருங்க. ஏம்மா இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? குடை எங்க?

– தொலைஞ்சுபோச்சு சார்.

– அது எனக்குத் தெரியாதா! என் அலமாரில இருந்ததுல பாதி உங்க குடைதானே. சரி, இதைப் பாருங்க. இந்த டப்பா யாருது?

– …சாப்பாட்டு டப்பா.

– யாருதுன்னு கேட்டேன்.

– எனக்கு அது இனிமே தேவையில்ல சார்.

– மாட்டினீங்களா! கேளுங்க, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு சொல்றேன். தொலைஞ்ச பொருளுக்குன்னு ஒரு முகம் இருக்கு. அலங்கோலமா இருக்கும். குடைன்னா ஈரமா, பாதி சுருட்டி. டப்பான்னா உள்ள பருக்கை காஞ்சு கெடக்கும். சாயங்கால வண்டில அழுக்கு டப்பாதான் தொலையும். உலகத்துல எவனும் கழுவின டப்பாவைத் தொலைச்சதே இல்லம்மா.

– …பழக்கதோஷம். கழுவாம வைக்க மனசு வரல.

– அதுவும் சாம்பல் போட்டுத் தேச்ச மாதிரி மின்னுது! ரெண்டு வருஷமா வாரத்துக்கு ஒண்ணு. ஒரு வாரம் கூட தொலைச்ச ஆளு 'என் பொருளைக் காணோம்'னு வந்து நிக்கல. என் மண்டையே வெடிச்சுடும்போல இருந்துச்சு. இன்னைக்குக் கதவைத் தொறந்துக்கிட்டு நீங்களே வர்றீங்க. கண்டக்டர் சொன்ன அடையாளம் அப்படியே இருக்கு. விடுவேனா?

– போலீஸ் மாதிரி பேசறீங்க.

– போலீஸ் எல்லாம் இல்ல. எனக்குத் தெரிஞ்சாகணும், அவ்வளவுதான். ஏன் தொலைக்கறீங்க?

– சொன்னா சிரிக்கக் கூடாது.

– சிரிச்சா நானும் வீட்டுலேர்ந்து ஒண்ணு கொண்டாந்து தொலைக்கறேன்.

– முதல் தடவை நெசமாவே தொலைச்சேன் சார். நீலக் குடை. மறுநாள் இங்கதான் கேக்க வந்தேன். எனக்கு முன்னாடி வரிசைல ஒரு அம்மா. ரெண்டு குழந்தைங்க, கைக்கு ஒண்ணு. அவங்க 'கறுப்புக் குடை சார்'னு சொன்னாங்க. நீங்க… நீங்கதான் இருந்தீங்க… 'கறுப்பா? வெயில்ல பாத்தா நீலமாத் தெரியுமே, அதுவா?'ன்னு கேட்டு என் குடையை எடுத்து நீட்டினீங்க.

– …அது உங்களுதா?

– வெளில போய் விரிச்சாங்க. மூணு பேரும் ஒரு குடைக்குள்ள. ஒரு காலு வெளிய, ஒரு காலு உள்ள… நாலு கால் பிராணி மாதிரி நடந்து போனாங்க. இல்ல, ஆறு கால்.

– நீங்க ஒண்ணும் சொல்லலையே அப்ப!

– என்னத்தைச் சொல்றது? நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே யோசனை. இவங்களுக்கு எந்த வீடு, இப்ப குடையை எங்க மாட்டி வச்சிருப்பாங்க, கம்பி ஒண்ணு லூசா இருக்குமே, கவனிச்சாங்களா… ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடியும் அதே நினைப்பு. என் குடை எனக்குத் தெரியாத வீட்டுல போய் குடியிருக்கு. கதைப் புஸ்தகத்தைப் பாதியில விட்ட மாதிரி இருந்துச்சு. அடுத்த பக்கம் வேணும்னு தோணிச்சு. அடுத்த வியாழக்கிழமை இன்னொண்ணு தொலைச்சேன்.

– உடனே பழகிடுச்சாக்கும்?

– எங்க? மூணு வாரம் படாத பாடு. சீட்டுல வச்சுட்டு இறங்கினா, கண்டக்டர் 'மேடம், உங்க பை!'ன்னு கத்திக்கிட்டே பின்னாடி ஓடி வர்றார். அவர் ஓட, நான் ஓட… கடைசில 'அது என்னுது இல்ல'ன்னு சாதிச்சுட்டேன். 'நீங்க மடில வச்சுக்கிட்டு வந்ததைப் பாத்தேனே'ங்கறார். குடுக்கறதுக்கு இவ்வளவு பொய் சொல்லணும்னு எனக்குத் தெரியாது சார்.

– அந்த ஆளு எங்கிட்ட வந்து, 'ஒரு பைத்தியம் வண்டில ஏறுது, ஆனா நல்ல பைத்தியம்'னான். அப்புறம் என்ன பண்றான் தெரியுமா? இப்ப அவனே வியாழக்கிழமை ஒண்ணு தொலைக்கறான்.

– யாரு, கண்டக்டரா?

– கண்டக்டர், ரெண்டு டிரைவருங்க, டிக்கெட் மெஷின் ரிப்பேர் பாக்கற பொண்ணு. ஒரு வாரம் பாத்தா பதினாலாம் நம்பர்ல மட்டும் ஒம்போது பொருள். எல்லாம் துடைச்சு, மடிச்சு, பொட்டலம் கட்டி. 'தொலைச்சவன் எவன்டா இஸ்திரி போட்டுத் தொலைச்சான்'னு நானே திட்டியிருக்கேன்.

– நீங்க?

– நான் என்ன நான்…

– நீங்க ஒண்ணும் தொலைக்கலையா?

– …ஒரு பேனா. இந்த மேஜை மேல வச்சு நானே தொலைச்சேன். நானே கண்டெடுத்து நானே அடையாளச் சீட்டு ஒட்டினேன். சிரிக்காதீங்கம்மா.

– சிரிக்கல சார். இருமல்.

– இந்த சார் மோர் எல்லாம் வேணாம். ரெண்டு வருஷமா உங்க வீட்டுச் சாமானோட குடித்தனம் பண்றேன். அண்ணேன்னு கூப்பிடுங்க.

– சரிண்ணே. இப்ப நான் வந்த விஷயத்தைச் சொல்லவா…

– இருங்க, ஒண்ணே ஒண்ணு. அது எப்படி ஒரு வாரம் கூட விட்டுப் போகல? எனக்கெல்லாம் நல்லது பண்ணணும்னு மாசத்துல ஒரு நாள் தோணும். அன்னைக்குப் பாத்து கையில ஒண்ணும் இருக்காது.

– எனக்கு மட்டும் தோணுதா? வியாழக்கிழமை பாதி நாள் எரிச்சலாத்தான் இருக்கும். கிளினிக்ல யாராவது கத்தியிருப்பாங்க, பஸ்ல மிதிச்சிருப்பாங்க. பல்லு விளக்கற மாதிரிண்ணே. மனசு வந்தாத்தான் விளக்குவேன்னு இருந்தா வாய் என்னத்துக்கு ஆகும்? கிழமை வந்தா வைக்கணும். வச்சுட்டு இறங்கணும். சில நாள் இறங்கினப்புறம்தான் மனசு வரும். சில நாள் வராது. பொருள் போய்ச் சேந்துடும்ல?

– இறங்கினப்புறம்தான் மனசு வருமா… அடடே.

– பெருசா எதுவும் வேணாம். ஒரு தடவை வெறும் சீப்பு.

– ஞாபகம் இருக்கு! எல்லாப் பல்லும் இருக்கற சீப்பு. யார்தான் கேட்டு வரப்போறான்னு நினைச்சேன்.

– யாராவது வந்தாங்களா?

– பாத்தீங்களா, உங்களுக்கும் தெரிஞ்சாகணும்!

– சொல்லுங்கண்ணே. எந்த எடத்துக்குப் போச்சு? அந்த அலாரம் கடிகாரம்? அது யாரு?

– சீப்பு, ஒரு பொண்ணு. வேலை கேட்டுப் போகணும், எதிர் பாத்ரூம் கண்ணாடில சீவிட்டு நேராப் போனா. கடிகாரம், ரொட்டிக் கடைல வேலை பாக்கறவர். விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கணும், ரெண்டு தடவை லேட்டு, மூணாவது தடவை வேலை போயிடும். இங்க கேட்டா கிடைக்கும்னு யாரோ சொல்லி வந்தார். 'என்ன தொலைச்சீங்க'ன்னா, பதட்டத்துல 'தூக்கத்தைத் தொலைக்கணும் சார்'ங்கறார்.

– ஐயோ!

– நான் 'சத்தம் போடற பொருளா?'ன்னு கேட்டேன். 'ஆமா சத்தம் போடும்'னார். எடுத்துக் குடுத்துட்டேன்… கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா, ஆள் வருது. வாங்க தம்பி. கையெல்லாம் என்ன, சுண்ணாம்பா?

– பெயின்ட்டு சார். எதிர்ல கட்டடத்துல வேலை. சார்… ஒண்ணு தொலைஞ்சுபோச்சு.

– என்ன பொருள்?

– சாப்பாட்டு… இந்த மாதிரி டப்பா ஏதாவது இருந்தா…

– 'இருந்தா' இல்ல தம்பி. 'இருந்துச்சு'. தொலைச்சது நீங்க.

– இருந்துச்சு சார்.

– எத்தனை அடுக்கு?

– ஒண்ணு.

– நல்லா யோசிங்க.

– ரெண்டு?

– இன்னும் நல்லா.

– மூணு சார். மூணேதான்.

– வந்துடுச்சு பாருங்க ஞாபகம். மூடில ஏதாவது அடையாளம்? ஒரு பக்கம் கொஞ்சம்… ந… நசு…

– நசுங்கியிருக்கும் சார்!

– எந்தப் பக்கம்னு கேக்க மாட்டேன். இங்க கையெழுத்துப் போடுங்க. இவ்வளவு நாளா எதுல கொண்டு போனீங்க?

– பிளாஸ்டிக் பைல சார். குழம்பு ஊத்தினா ஒழுகும்.

– இனிமே ஒழுகாது. போயிட்டு வாங்க. கதவைச் சாத்துங்க தம்பி, சாரல் அடிக்குது… ஏம்மா, செவுத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறீங்க?

– போயிட்டாரா?

– போயிட்டார். என் சாட்சியும் அவர் கூடவே போயிடுச்சு. உங்களை மடக்க வச்சிருந்த ஒரே டப்பா.

– மூடி நசுங்கினது என் பொண்ணு பொறந்த வருஷம். கைதவறிக் கீழ போட்டேன்.

– அதான் கேக்கணும்னு இருந்தேன். முன்னாடியெல்லாம் கடை வாசனையோட வரும் உங்க பொருள். இப்ப மூணு மாசமா வீட்டு வாசனை. புழங்கின துணி, புழங்கின பாட்டில், இப்ப டப்பா. ஏன்?

– வீட்டுல சாமான் சேந்துபோச்சுண்ணே. எடம் அடைக்குது.

– நல்ல ஆளு. சரி, சிரிச்சது போதும். இப்ப நெசமாவே உங்களை ஏன் புடிச்சு உக்கார வச்சிருக்கேன்னு சொல்றேன். புது சூப்பர்வைசர் வந்திருக்கார். ரிஜிஸ்டரைப் புரட்டிட்டு, 'என்னய்யா, வியாழக்கிழமை மட்டும் ஊரே மறந்துபோகுது, செவ்வாய்க்கிழமை ஊருக்கே ஞாபகம் வந்து வாங்கிட்டுப் போகுது?'ன்னார். இந்தாங்க, இந்தத் தாளைப் பாருங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்.

– என்ன இது?

– பொருள் விட்டவங்க யாருன்னு தெரிஞ்சா அவங்க கையெழுத்து. ரெண்டு கட்டம் இருக்கா? ஒண்ணு 'தவறவிட்டது'. இன்னொண்ணு 'கைவிட்டது'. ஏதாவது ஒண்ணுல டிக் போடணும்.

– தவறவிட்டதுன்னு போட்டா?

– நீங்கதான் சொந்தக்காரி. அலமாரில இருக்கற உங்க சாமானையெல்லாம் மூட்டை கட்டி உங்க கையில திருப்பிக் குடுத்துடுவேன்.

– கைவிட்டதுன்னு போட்டா?

– யாருக்கும் வேண்டாத பொருள்னு அர்த்தம். மொத்தமா எடைக்குப் போட்டுடுவாங்க.

– எதுலயும் அவங்களுக்குக் கிடைக்காதா? அந்தப் பெயின்டர் மாதிரி ஆளுங்களுக்கு?

– கிடைக்காது. மூணாவது கட்டம் ஒண்ணு இருக்கணும்ல? தேடித் தேடிப் பாத்தேன். 'குடுத்தது'ன்னு ஒரு கட்டமே இல்லம்மா. பஸ் கம்பெனிக்கு அந்த வார்த்தை தெரியல.

– கையெழுத்தே போடாம விட்டா?

– அப்ப திங்கக்கிழமைலேர்ந்து புது சட்டம். யாரு வந்து கேட்டாலும் கடை பில்லைக் காட்டணும். பெயின்டர் பில்லுக்கு எங்க போவார்? நான் வாயில எடுத்துக் குடுத்தா என்னைப் பின்னாடி பட்டறைக்கு மாத்திடுவாங்க. பழைய டயரை அடுக்கிட்டு இருக்கணும். அதுகூடப் பரவால்ல. என் எடத்துக்கு வர்றவன் 'எத்தனை அடுக்கு'ன்னு ஒரே ஒரு தடவைதான் கேப்பான்.

– …அண்ணே.

– சொல்லுங்க.

– பில்லையும் சேத்துத் தொலைச்சா?

– என்னது?

– பொருளோட மடிப்புக்குள்ள பில்லை வச்சுத் தொலைக்கறது. அவங்க கேக்க வரும்போது நீங்க குனிஞ்சு, 'ஏம்ப்பா, உங்க பில்லு கீழ விழுந்துடுச்சு பாருங்க'ன்னு எடுத்து நீட்டறது. பில்லு காட்டியாச்சு. சட்டம் சரி.

– யம்மா! நீங்க பல்லு டாக்டர்கிட்ட இருக்க வேண்டிய ஆளே இல்ல! பில்லு கீழ விழுந்துடுச்சு… ஆஹா… கண்டக்டருக்குச் சொல்றேன், மெஷின் பொண்ணுக்குச் சொல்றேன். எல்லாரும் பில்லோட தொலைங்கய்யான்னு. ஆனா ஒண்ணு, பழைய சாமான் ஆகாது. பழைய டப்பாவுக்கு எங்க பில்லு? கடைல வாங்கின புதுப் பொருளாத்தான் இருக்கணும். சின்னதா இருந்தாலும் போதும். ஒரு சோப்பு டப்பா, ஒரு துண்டு…

– ம்.

– முதல் பொருள் உங்களுதுதான். நீங்க ஆரம்பிச்சா மத்தவங்க தானா வருவாங்க. இந்த வியாழக்கிழமையே வச்சுடுங்க. என்ன?

– இந்த வியாழக்கிழமை… நான் அந்த வண்டில வர மாட்டேண்ணே.

– ஏன், லீவா?

– டாக்டர் வேற ஊருக்குப் போயிட்டார். கிளினிக்கைப் பூட்டி மூணு மாசம் ஆகுது.

– மூணு மாசமா? போன வாரம் கூட அஞ்சே முக்கால் வண்டில…

– வேலை தேடிட்டு அதே வண்டில திரும்புவேன். வியாழக்கிழமை வந்துச்சுன்னா கை சும்மா இருக்காது. வீட்டைச் சுத்திப் பாப்பேன், எது இல்லாம இருக்க முடியும்னு. ஒவ்வொண்ணா வந்துச்சு. இப்ப பாத்தா… வைக்கறதுக்கு ஒண்ணும் இல்லண்ணே.

– முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?

– நீங்க எங்க விட்டீங்க? உள்ள வந்ததுலேர்ந்து சொல்லத்தான் பாக்கறேன்.

– அப்ப… இன்னைக்கு நீங்க வந்தது…

– வழியெல்லாம் ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். 'சார், பொண்ணோட மழைக்கோட்டைத் தொலைச்சுட்டேன்'னு. கண்ணாடி முன்னாடி நின்னு கூடச் சொல்லிப் பாத்தேன். ஒம்போது வயசு. பள்ளிக்கூடத்துக்குத் தலைல பிளாஸ்டிக் பையைக் கவுத்துக்கிட்டு ஓடறா. நேத்துலேர்ந்து காய்ச்சல்.

– இருங்க இருங்க. ஒண்ணும் பேசாதீங்க. நான் கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க. திங்கக்கிழமைலேர்ந்துதானே பில்லு, இன்னைக்கு வேணாம்ல? ம்… மழைக்கோட்டு. என்ன நிறம்? மஞ்சளா இருக்குமோ? தொப்பி வச்சது, முன்னாடி பை… பைக்குள்ள ஏதோ…

– வேணாம்ணே. வார்த்தையை எடுத்துக் குடுக்காதீங்க.

– அட, சொல்லுங்கம்மா. மஞ்சள்னு ஒரு வார்த்தை. எல்லாரும் சொல்றதுதானே?

– அவங்களுக்கு அதுதான் சுலபமா இருக்கும், சொல்லட்டும். எனக்கு ரெண்டு வருஷமா 'என்னுது இல்ல'ன்னு பொய் சொல்லியே அலுத்துப்போச்சு. இப்ப தொலைச்சேன்னும் சொல்லணுமா? வாயில வர மாட்டேங்குது.

– அஞ்சாகப் போகுதும்மா. சூப்பர்வைசர் வந்து நிப்பார். கோட்டைக் குடுத்தா ரிஜிஸ்டர்ல நான் என்னன்னு எழுதுவேன்?

– தெரியலண்ணே. நான் எதையும் தொலைக்கல. அந்த மஞ்சள் கோட்டு யாரோ ஒருத்தரோடது, நான் பாத்ததுகூட இல்ல. எங்கிட்ட பில்லும் கிடையாது. என் பொண்ணுக்கு ஒண்ணு வேணும், அவ்வளவுதான்… அதை எனக்குக் குடுப்பீங்களா?